பெயர் மாறிப்போன ஐரிஷ் மூதாதையரைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அயர்லாந்திலிருந்து புலம்பெயர்ந்த மூதாதையரைத் தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். அவர் நியூயார்க்கிலோ சிட்னியிலோ ‘ஸ்மித்’ என்ற பெயரில் வாழ்ந்து இறந்திருக்கிறார். அயர்லாந்துப் பதிவேடுகளைப் புரட்டினால் அந்த வயதில், அந்தப் பெற்றோருக்குப் பிறந்த ஸ்மித் என்று யாருமே இல்லை. ஆள் இருந்தார், பெயர்தான் வேறாக இருந்தது.

இந்தத் தேடலில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழி அடைபட்டுவிடும். ஊரையும், அவரோடு சேர்ந்து வாழ்ந்தவர்களையும் பிடித்துக்கொண்டு போனால் பழைய பெயர் தானே வந்து சேரும். கீழே சொல்லியிருக்கும் படிகளின் வரிசை இந்த நம்பிக்கையில் அமைந்ததுதான்.

பெயர் எங்கே மாறியது?

“எல்லிஸ் தீவில் இருந்த அதிகாரி தன் காதில் விழுந்ததை எழுதிவிட்டார், அப்படித்தான் பெயர் மாறியது.” அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை இது. நடந்தது அப்படியல்ல. நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1 அன்றுதான். 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் நாட்டைவிட்டுப் போன பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் யாரும் அந்த வாசலைப் பார்த்தவர்கள் அல்லர். 1892-க்குப் பிறகு வந்தவர்களின் பெயர்களையும் அங்கே புதிதாக எழுதவில்லை. கப்பல் கிளம்பிய துறைமுகத்திலேயே தயாரான பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே மாற்றம் பயணத்துக்கு முன்பே அயர்லாந்தில் நடந்திருக்கும், அல்லது குடியேறிய பிறகு சிறிது சிறிதாக நடந்திருக்கும். இரண்டில் எது என்று யோசிப்பதற்கு ஐரிஷ் பெயர்கள் எப்படி உருமாறின என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பழைய ஐரிஷ் குடும்பப் பெயர்கள் ‘ஓ’ (பேரன், வழித்தோன்றல்), ‘மக்’ (மகன்) என்ற முன்னொட்டுகளோடு அமைந்தவை. ஆங்கில ஆட்சி இறுக இறுக, நிலக் கணக்கு எழுதியவர்களும் நீதிமன்ற எழுத்தர்களும் பாதிரியார்களும் அவற்றை ஆங்கில எழுத்தில் தங்களுக்குத் தோன்றியபடி எழுதினார்கள். பெரும்பாலும் ஒலியைப் பிடித்து எழுதினார்கள். ‘ஓ சூலவான்’ அப்படித்தான் சல்லிவன் ஆனது. சில இடங்களில் பொருளைப் பெயர்த்தார்கள். ‘மக் கவுன்’ என்றால் கொல்லன் மகன். அது ஓரிடத்தில் மெக்கவன் என்றும், கேவன் மாவட்டத்தில் பரவலாக ஸ்மித் என்றும் ஆயிற்று. தச்சன் மகனான ‘மக் அன் டீர்’ ஒரு கிளையில் மெக்கட்டீர், இன்னொரு கிளையில் கார்ப்பென்டர். தப்பான மொழிபெயர்ப்புகளும் உண்டு. கால்வே மாவட்டத்தின் கனமரா பகுதியில் ‘மக் கொன்ரீ’ என்ற பெயரின் கடைசி அசை அரசன் என்ற ஐரிஷ் சொல்போல ஒலித்ததால் அந்தக் குடும்பங்கள் ‘கிங்’ ஆகிவிட்டன. அதே பெயர் வேறிடத்தில் கான்ராய். டைரோன் மாவட்டத்தின் ‘மக் கஹ்வீல்’ வம்சத்தார் பலர், ஏற்கெனவே பிரபலமாக இருந்த ஸ்காட்லாந்துப் பெயரான கேம்ப்பெல்லோடு கலந்துபோனார்கள்.

முன்னொட்டின் கதை தனி. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ‘ஓ’ பெருமளவு உதிர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சியோடு திரும்பி வந்தது. அதனால் ஊரில் இருந்த தம்பி ஓ’சல்லிவன் என்றும், முன்பே கப்பலேறிய அண்ணன் சல்லிவன் என்றும் பதிவாகியிருப்பது சாதாரணம். அண்ணன் எதையும் மாற்றவில்லை. மாறியது அவர் போன பிறகு ஊரில்தான்.

படி 1: குடியேறிய நாட்டை முழுமையாகத் தோண்டுங்கள்

தொடங்குபவர்கள் அவசரப்பட்டு அயர்லாந்துக்குத் தாவிவிடுகிறார்கள். வேண்டாம். உங்களுக்கு முதலில் வேண்டியது அவர் பிறந்த ஊரின் பெயர், தந்தை பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், உடன்பிறந்தவர்கள். இவை குடியேறிய நாட்டில்தான் கிடைக்கும்.

அமெரிக்கா என்றால் 1850 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் உண்டு. 1900, 1910 கணக்கெடுப்புகளில் எந்த ஆண்டு நாட்டுக்குள் வந்தார் என்பதும் கேட்கப்பட்டிருக்கிறது. ஆனால் பிறந்த இடம் என்ற கட்டத்தில் ‘அயர்லாந்து’ என்பதோடு நின்றுவிடும். 1906-க்கு முந்தைய குடியுரிமைப் பத்திரங்களிலும் பெரும்பாலும் அதே கதை. 1907 முதலான கப்பல் பட்டியல்களில் சொந்த ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இருக்கும். அது ஒரு வரம்.

அதற்கு முந்தையவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது கல்லறைக் கல்லை. கவுண்டி எனப்படும் மாவட்டத்தையும், சில வேளைகளில் பங்கின் (திருச்சபையின் ஊர்ப் பிரிவு) பெயரையும் பொறித்து வைக்கும் வழக்கம் அந்தத் தலைமுறை ஐரிஷ் குடியேறிகளிடம் வலுவாக இருந்தது. அடுத்து, கத்தோலிக்கத் திருமணப் பதிவேடு. அரசுச் சான்றிதழில் இல்லாத சொந்தப் பங்கை, பங்குத்தந்தை குறித்து வைத்திருக்கக்கூடும். செய்தித்தாளில் வந்த மரண அறிவிப்பையும் விடாதீர்கள். அதில் “அயர்லாந்தில் இருக்கும் சகோதரி” என்று ஒரு வரி இருந்தால், அந்தச் சகோதரியின் பெயர் உங்கள் மூதாதையரின் பெயரைவிட அதிக தூரம் கொண்டுபோகும்.

நியூயார்க்குக்குப் போனவர் என்றால் ‘எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க்’ ஏடுகளைக் கட்டாயம் பாருங்கள். ஐரிஷ் குடியேறிகளுக்காக 1850-இல் தொடங்கிய வங்கி அது. ஒரே பெயரில் பல வாடிக்கையாளர்கள், அவர்களில் நிறையப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பணம் எடுக்க வருபவர் உண்மையில் கணக்கின் சொந்தக்காரர்தானா என்று அறிய, பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் எல்லாவற்றையும் வங்கி முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டது. பாதுகாப்புக்காக எழுதியது இன்று அரிய குடும்ப வரலாறாக நிற்கிறது. நியூயார்க் பொது நூலகத்தில் அவை இருக்கின்றன.

பாஸ்டனின் ‘பைலட்’ இதழ் 1831 முதல் 1921 வரை காணாமல்போன உறவினர்களைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. இன்ன கவுண்டி, இன்ன பங்கு, இன்ன ஆண்டு இன்ன துறைமுகத்தில் இறங்கிய என் அண்ணனைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்கும் விளம்பரங்கள். பிரிந்தவர்களின் வேதனை முழுதும் அந்தப் பத்திகளில் இருக்கிறது. கூடவே ஊர்ப் பெயரும் இருக்கிறது. பாஸ்டன் கல்லூரி அவற்றைத் தேடத்தக்க தரவாகத் தொகுத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களின் வாரிசுகள் கொடுத்து வைத்தவர்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களின் மரணச் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், அந்தக் காலனியில் வாழ்ந்த ஆண்டுகள் எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். ஒன்று மட்டும்: சொன்னவர் யார் என்று பாருங்கள். மகள் சொன்னதற்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கும் மதிப்பு ஒன்றல்ல.

படி 2: பெயர்களின் பட்டியல் ஒன்று போடுங்கள்

தேடல் பெட்டியில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டிவிட்டு “இல்லை” என்று எழுந்துவிடக் கூடாது. அந்தப் பெயர் எடுக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் முதலில் தாளில் எழுதுங்கள். பின்னாளில் அயர்லாந்தின் பதிவாளர் தலைவரான ராபர்ட் மாதிசன், ஒரே குடும்பத்தார் இரண்டு மூன்று பெயர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் பதிவு அலுவலர்கள் திணறுவதைப் பார்த்து, அந்த மாற்றுப் பெயர்களைத் தொகுத்து 1890-இல் வெளியிட்டார். இன்றும் அது பயன்படுகிறது. எட்வர்ட் மக்லைசாட்டின் ஐரிஷ் குடும்பப் பெயர் நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் எதுவாக மாறியது என்பதை அவர் சொல்வார். ஸ்மித் என்ற பெயருக்குப் பின்னால் கேவன் இருக்கலாம், கிங் என்ற பெயருக்குப் பின்னால் கால்வே இருக்கலாம் என்ற முதல் ஊகம் இப்படித்தான் கிடைக்கும்.

கணினித் தேடலில் ஒரு பொறி உண்டு. ஒலியொத்த பெயர்களைச் சேர்த்துக் காட்டும் ‘சவுண்டெக்ஸ்’ முறை முதல் எழுத்தை மாற்றாது. ஆகவே சல்லிவனும் ஓ’சல்லிவனும் அதில் வேறு வேறு குறியீடுகளில் போய் விழும். ஆங்கிலத்தில் ‘கே’ எழுத்தில் தொடங்கும் கவனாவும் ‘சி’ எழுத்தில் தொடங்கும் கவனாவும் அப்படியே. முன்னொட்டோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை, முதல் எழுத்தை மாற்றி ஒரு முறை, நடு எழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டு ஒரு முறை என்று தேடுங்கள்.

குடும்பப் பெயரைவிட அதிகம் ஏமாற்றுவது சொந்தப் பெயர். அமெரிக்காவில் டீலியா என்று வாழ்ந்தவர் ஊரில் பிரிஜிட்டாக இருப்பார். நோரா, ஹனோரா, ஹானா மூவரும் ஒருவராகலாம். ஐரிஷில் டியர்மிட் என்றால் ஆங்கிலப் பதிவில் ஜெரமையா, பேச்சில் டார்பி. டைக் என்ற பெயர் டிமொதியாகவும் தடேயுஸாகவும் வரும். பங்குப் பதிவேடு லத்தீனில் இருந்தால் ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ்.

படி 3: கவுண்டி போதாது, டவுன்லேண்ட் வேண்டும்

அயர்லாந்தில் 32 கவுண்டிகள். அவற்றுக்குள் பாரனி, சிவில் பங்கு, அதற்கும் அடியில் டவுன்லேண்ட் எனப்படும் சிற்றூர்ப் பிரிவு. நாடு முழுவதும் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு. சில பண்ணை வீடுகள் மட்டுமே உள்ள இடம்கூட ஒரு டவுன்லேண்ட்தான். பதிவேடுகள் எல்லாம் கடைசியில் அந்த அளவுக்குத்தான் இறங்கி வரும். கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் சிவில் பங்கின் எல்லையும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள்.

குடியேறியவர் வாயால் சொன்ன ஊர்ப் பெயரை வெளிநாட்டு எழுத்தர் கேட்டபடி எழுதியிருப்பார். குடும்பப் பெயர் சிதைந்ததுபோலவே ஊர்ப் பெயரும் சிதைந்திருக்கும். அதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிறகு 1851-ஆம் ஆண்டு டவுன்லேண்ட் அட்டவணையிலும், ‘லோகன்ம்’ என்ற அரசின் இடப்பெயர்த் தளத்திலும் ஒலி ஒத்துவருவதைத் தேடுங்கள்.

படி 4: அயர்லாந்தில் என்ன எஞ்சியிருக்கிறது?

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் சில துண்டுகள் தவிர மற்றவை சாம்பலாயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழுக்குப் போயின. இந்த இழப்பைக் கேட்டதும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கைவிட வேண்டியதில்லை. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்துக்குள் இல்லவே இல்லை. அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. எரிந்தவற்றின் நகல்களையும் எஞ்சியவற்றையும் உலகெங்கும் தேடிச் சேர்த்து 2022-இல் ‘அயர்லாந்து மெய்நிகர் ஆவணக் கருவூலம்’ என்ற இலவசத் தளம் திறக்கப்பட்டிருக்கிறது.

இப்போது கையில் இருப்பவை இவை. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. உங்கள் மூதாதையர் அதற்கு முன்பே போயிருக்கலாம். அவருடைய பெற்றோரோ தம்பியோ அங்கே இருப்பார்கள். 1911 படிவத்தில் மணமான பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் உயிரோடு பிறந்தார்கள், எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் உயிரோடு என்று தாய் சொல்லி, வீட்டில் இரண்டு பேரே இருந்தால், மற்ற ஆறு பேரை உலகத்தில் வேறெங்கோ தேட வேண்டும்.

பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் அரசுப் பதிவு தொடங்கியது 1864-இல். கத்தோலிக்கரல்லாதவர் திருமணங்கள் மட்டும் 1845 முதல் உண்டு. ‘ஐரிஷ்ஜீனியாலஜி’ என்ற அரசுத் தளத்தில் மூலப் பக்கங்களின் படங்களையே இலவசமாகப் பார்க்கலாம். அயர்லாந்தின் இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. திருமணப் பதிவில் இருவரின் தந்தை பெயரும் இருக்கும். எனவே திருமணத்தை முதலில் தேடுங்கள். திருமுழுக்குத் தேதி பிறந்த தேதிக்கு முன்னால் வந்தாலும் குழம்ப வேண்டாம். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னவர்கள் நிறைய.

1864-க்கு முன்பு நம்மைக் காப்பாற்றுவது பங்குப் பதிவேடு. ஏறத்தாழ 1880 வரையிலான கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் இலவசமாக இணையத்தில் ஏற்றியது. வட அயர்லாந்துக்கும் பிரஸ்பிட்டீரியன் சபைகளுக்கும் பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகம்.

இவற்றுக்குத் துணை நிலக் கணக்கு. நம்மூர் அடங்கல்போல, எந்த நிலம் யார் கையில் இருந்தது என்று சொல்லும் இரண்டு தொகுப்புகள் உண்டு: 1823 முதல் 1837 வரை எழுதப்பட்ட தசமபாக வரி ஏடுகள், 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் மதிப்பீடு. குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். ஆனால் ஒரு டவுன்லேண்டில் ஒரே பெயரில் பலர் இருந்தால், அடையாளத்துக்காகத் தந்தை பெயரையோ பட்டப்பெயரையோ பக்கத்தில் குறித்திருப்பார்கள். கார்க் மாவட்டத்தின் பேரா தீபகற்பத்தில் எங்கு பார்த்தாலும் சல்லிவன், ஹாரிங்டன். அங்கிருந்த அலிஹீஸ் செப்புச் சுரங்கங்களிலிருந்து மொன்டானாவின் பியூட் நகரச் சுரங்கங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அத்தனை சல்லிவன்களுக்கு நடுவே ஆளைப் பிரித்துக் காட்டியவை கிளைப் பட்டப்பெயர்கள்தான். சில குடும்பங்களில் பட்டப்பெயரே பின்னால் குடும்பப் பெயராக நிலைத்தது.

படி 5: கூட இருந்தவர்களைப் பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். ஐரிஷ்காரர்கள் தனியாகப் போகவில்லை. அக்காள் போய் வேலை தேடி, சம்பாதித்த காசில் தங்கைக்குக் கப்பல் சீட்டு அனுப்பினாள். தங்கை தம்பிக்கு அனுப்பினாள். ஒரே டவுன்லேண்டுக்காரர்கள் புதிய நாட்டில் ஒரே தெருவில் குடியிருந்தார்கள், ஒருவர் குழந்தைக்கு இன்னொருவர் ஞானப்பெற்றோராக நின்றார்கள், ஒருவர் திருமணத்துக்கு இன்னொருவர் சாட்சிக் கையெழுத்திட்டார்கள்.

உங்கள் ஸ்மித்தின் பிள்ளைகள் அத்தனை பேரின் திருமுழுக்குப் பதிவுகளையும் திரட்டி, ஞானப்பெற்றோர் பெயர்களைத் தனியே எழுதுங்கள். பிரேடி, ரைலி, லிஞ்ச் என்று கேவனுக்குரிய பெயர்களாகவே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயர்கள் மூன்றும் பக்கத்து பக்கத்து டவுன்லேண்டுகளில் சேர்ந்து வரும் இடத்தைக் கிரிஃபித் மதிப்பீட்டில் தேடுங்கள். அந்தப் பங்கின் பதிவேட்டில் மெக்கவன் குடும்பம் ஒன்று இருந்து, பெற்றோரின் சொந்தப் பெயர்களும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் பொருந்தி வந்தால் நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள். கத்தோலிக்கப் பதிவேடுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் விடாமல் எழுதப்பட்டிருக்கும். தந்தைவழிப் பெயர் மாறிய குடும்பங்களில் மாறாமல் நிற்கும் ஆணி அதுதான்.

மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர் என்று வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. சட்டம் அல்ல, வழக்கம். சாட்சியாக அல்லாமல் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஒரே பெயர் என்பதற்காக ஒரே ஆள் என்று முடிவு செய்யாதீர்கள்

எல்லிஸ் தீவில் முதன்முதலாகப் பதிவானவர் கார்க் மாவட்டத்துப் பெண் ஆனி மூர், வயது 17. இரண்டு தம்பிகளோடு ‘நெவாடா’ கப்பலில் வந்தவர். அவர் மேற்கே போய் டெக்சாஸில் இறந்ததாகப் பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது, டெக்சாஸ் ஆனி மூர் இல்லினாய்ஸில் பிறந்தவர், கடல் கடந்தே வராதவர் என்று தெரிந்தது. உண்மையான ஆனி மூர் நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியிலேயே வாழ்ந்து, மணம் முடித்து, 1924-இல் இறந்து, குவீன்ஸில் உள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில் பெயர்ப் பலகைகூட இல்லாமல் கிடந்தார். 2006-இல்தான் இது வெளியே தெரிந்தது. பெயர் மாறாத, நாடறிந்த ஒருவர் விஷயத்திலேயே இது நடந்தது. எனவே பெயர், வயது இரண்டும் பொருந்தினால் போதாது. பெற்றோர், உடன்பிறந்தோர், ஊர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து பொருந்த வேண்டும். ஊரில் நீங்கள் கண்டுபிடித்த அந்தக் குழந்தை அங்கேயே வளர்ந்து, மணந்து, இறந்துவிடவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். இந்த எதிர்ச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை.

படி 7: டிஎன்ஏ சோதனை

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ‘ஒய்’ குரோமோசோம், குடும்பப் பெயர் செல்லும் அதே வழியில் செல்கிறது. நேர் ஆண்வழி வாரிசு ஒருவர் சோதித்துக்கொண்டு, நெருங்கிப் பொருந்துகிறவர்களில் பலர் மெக்கவன் என்று வந்தால், பழைய பெயருக்கு அது வலுவான சான்று. தத்தெடுப்பு, திருமணத்துக்கு வெளியே பிறப்பு போன்றவற்றாலும் இப்படி வரலாம் என்பதால் ஆவணமும் சேர்ந்து நிற்க வேண்டும். இருபாலரும் செய்துகொள்ளும் பொதுச் சோதனை நான்கைந்து தலைமுறை வரையிலான உறவுகளுக்கு நன்கு உதவும். குடும்பத்தின் மூத்தவர்களிடம் முதலில் மாதிரி வாங்குங்கள். அவர்கள் அந்த மூதாதையருக்கு ஒரு தலைமுறை அருகில் இருக்கிறார்கள்.

சென்னை வழியாக வந்த ஐரிஷ்காரர்கள்

தமிழ்நாட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் சிலருக்கு இந்தத் தேடல் நேரடியாகத் தேவைப்படும். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு அயர்லாந்தில் ஏராளமாக ஆள் எடுத்தது. கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவு பிற்பாடு ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. படைவீரர் ஒருவர் வேறு பெயரில் சேர்ந்திருப்பதும் நடக்கக்கூடியதே. இங்கே தொடங்க வேண்டிய இடம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். மெட்ராஸ் மாகாணத்துத் திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவுகள் அங்கே ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன. படையில் சேர்ந்தபோது எழுதிய பட்டியலில் சொந்தப் பங்கும் கவுண்டியும் கிடைத்தால், அங்கிருந்து மூன்றாம் படிக்குப் போங்கள்.

கண்டுபிடித்த பிறகு

குடும்ப மரத்தில் அவரைத் திருமுழுக்குப் பெயரிலேயே எழுதுங்கள். பின்னாளில் அவர் கொண்ட ஒவ்வொரு பெயரையும், எந்த ஆண்டு எந்தப் பதிவில் அது முதலில் வருகிறது என்ற குறிப்போடு மாற்றுப் பெயராகச் சேருங்கள். இரண்டு பெயர்களும் ஒரே ஆள்தான் என்று நீங்கள் முடிவு செய்ததற்கான காரணங்களை ஒரு பக்கத்துக்காவது எழுதி அதோடு இணையுங்கள். அவருடைய தம்பியின் கொள்ளுப்பேரன் ஒருவர் பழைய பெயரை வைத்துக்கொண்டு இதே நேரத்தில் மறுபக்கத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கலாம். இரண்டு பெயரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அவர் உங்களை வந்தடைய முடியும்.